சாத்தான்குளத்தின் ஒரு டெராபைட்

2020 ஜூன் 19ஆம் தேதி மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திவந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொரோனா ஊரடங்கில் அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது புகார். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி காலை தந்தை இறந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 24ஆம் தேதி தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 28ஆம் தேதி நிலையத்துக்கு நேரில் போய் விசாரித்த கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், மற்ற கொடிய விவரங்களுக்கு நடுவே, சிசிடிவி பெட்டியைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது. பெட்டியின் ஹார்ட் டிஸ்க் ஒரு டெராபைட் கொள்ளளவு உடையது, இடம் போதுமானது, ஆனாலும் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது, 19ஆம் தேதிப் பதிவு இல்லை. அந்த வழக்கைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் குறிப்பைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசவில்லை. நீளமாகப் பேச வேண்டிய குறிப்பு அது.

அங்கே இருந்தது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சின்னக் கணினி. வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர், குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்கும் வீட்டு சர்வர், மளிகைக் கடைப் பரணில் இருக்கும் டிவிஆர் எல்லாம் அதே இனம். ஒருமுறை அமைத்துவிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்குவது, எத்தனை நாள் பதிவை வைத்திருப்பது, பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்ற மூன்றையும் நாம் மெக்கானிக்கின் வேலை என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் அப்படி விட்டால் கல்யாண வீடியோ போகும். காவல் நிலையத்தில் இந்த மூன்றும் சட்டத்தின் கேள்விகள். யாருடைய நடத்தையைப் பதிவேடு காட்டுகிறதோ அவர் கையில் மட்டும் அந்தப் பதிவேடு இருக்கக் கூடாது என்பதைச் சென்னை மாகாணம் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. காகிதம் இருந்தவரை அந்த அறிவு எப்படியோ காப்பாற்றப்பட்டது. எந்திரம் வந்தபோது அதை யாரும் எந்திரத்துக்குள் வைக்கவில்லை என்பதே என் வாதம்.

1854இல் சென்னை மாகாண அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் உறுப்பினர்கள். வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறதா என்பது கேள்வி. மாகாணமெங்குமிருந்து நேரிலும் கடிதத்திலும் வந்த புகார்கள் 1,959. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, ஆளை மடக்கிக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் என்ற தமிழ்ப் பெயர்களோடு 1855இல் அறிக்கை வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து நியூயார்க் நாளிதழ் ஒன்றில் கார்ல் மார்க்ஸ் அதை எடுத்துக்காட்டி எழுதினார். வரி வாங்குபவரும் குற்றம் விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருந்தது நோயின் வேர்களில் ஒன்று. தாசில்தாரின் ஆட்கள் செய்ததைத் தாசில்தாரிடமே போய் முறையிட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சென்னை மாகாணக் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. காவல் நிலையச் சுவருக்குள் நடப்பதற்கு அந்தச் சுவருக்குள் இருப்பவரின் சொல் மட்டும் போதாது என்ற எண்ணம் இப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது.

நிலைய எழுத்து வேலையைக் கவனித்தால் இந்த எண்ணம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று தெரியும். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் நடுவருக்கு உடனே அறிக்கை போக வேண்டும் என்றது 2024 வரை நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தும்போது வழக்கு நாட்குறிப்பின் நகலும் கூடவே போக வேண்டும் என்றது அதன் 167ஆம் பிரிவு. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் விதித்த நிபந்தனைகளிலும் இதே போக்குதான்: கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், எல்லா ஆவணங்களின் நகலும் நடுவருக்குப் போக வேண்டும். காகிதக் காலத்துச் சட்டம் காவலர் பொய் எழுதமாட்டார் என்று நம்பவில்லை. எழுதியதை நாளைக்கு மாற்ற முடியாதபடி ஒரு நகலை வெளியே எடுத்து வைத்தது. ஒருவரின் நேர்மையை அவர் கையில் மட்டும் விடாத இந்த முறை தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிய தர்மமும் அல்ல. அந்நாளைய மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில், தோணி கொண்டுவந்த சிப்பியை முத்துக்குளிப்போர் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அவர்களுக்கு உரிய ஒரு குவியல் எது என்று காட்டுவது சர்க்கார் ஆள். பிரிப்பவர் கையில் தேர்வு இல்லாததால் பிரிவினை நேராக இருந்தது.

கேமரா வந்த வழி வேறு. அது சட்டத்திலிருந்து வரவில்லை, வங்கியிலிருந்தும் கடையிலிருந்தும் வந்தது. முதலில் வீடியோ டேப். நொடிக்குச் சில படம் மட்டும் எடுக்கும் மெதுவான ரிக்கார்டரைக் கொண்டு ஒரு கேசட்டை ஒரு நாளுக்கோ அதற்கு மேலோ இழுத்தார்கள். கேசட்டுக்கு விலை உண்டு, அடுக்கி வைக்க இடம் வேண்டும். ஆகவே திருட்டு நடக்காத நாளின் கேசட்டின் மேலேயே மறுபடி பதிவு செய்வது வழக்கமாயிற்று. 1990களின் இறுதியில் டிவிஆர் சந்தைக்கு வந்து கேசட்டின் இடத்தை ஹார்ட் டிஸ்க் பிடித்தபோது, கேசட்டோடு போயிருக்க வேண்டிய இந்த வழக்கம் போகவில்லை. மென்பொருளுக்குள் ஒரு செட்டிங்காக உட்கார்ந்துகொண்டது. கடைக்காரருக்கு அதில் நஷ்டம் இல்லை. கல்லாவில் பணம் குறைந்தால் அன்று இரவே தெரிந்துவிடும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். காவல் நிலையத்தில் நடந்த ஒன்று வெளியே தெரியவே சில நாள் ஆகும். அடிபட்டவர் சிறைக்குப் போய், உறவினர் பார்த்து, வக்கீலைப் பிடித்து, மனு எழுதி, நீதிமன்றம் கேட்பதற்குள் வாரம் ஓடும். கடைக்குச் செய்த பெட்டியை அப்படியே தூக்கி நிலையத்தில் வைத்தபோது இந்தக் கால வித்தியாசத்தை யாரும் கணக்கிடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா, பரவலாகப் புழங்கும் எச்.264 சுருக்க முறையில், நொடிக்கு இரண்டு மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி. நான்கு கேமரா என்றால் 86 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். எட்டு கேமரா என்றால் ஐந்தேமுக்கால் நாள். ஆக இந்தத் தரத்தில் நான்கு கேமரா ஓடும் நிலையம் எதிலும், 19ஆம் தேதி இரவு நடந்தது 28ஆம் தேதி பகலில் அழியாமல் இருக்கும். எட்டு கேமரா ஓடினாலும், உயர் நீதிமன்றம் வழக்கை எடுத்த 24ஆம் தேதியன்று அது டிஸ்க்கில் இருந்திருக்கும். இடம் போதுமானது என்று நடுவர் எழுதியதன் பொருள் இதுதான். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வரும்போது, டிஸ்க் நிரம்பிய பிறகே பழையதன் மேல் எழுதும். இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்பது தனி வசதி. மெனுவுக்குள் போய் ஒருவர் நாளைக் குறித்தால்தான் அது வேலை செய்யும். டிஸ்க் சிறியதாக இருப்பதைச் சிக்கனம் என்று சொல்லிவிடலாம். பெரிய டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு நாளில் அழிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அதே ஊரில் இன்னொரு பெட்டியும் அந்த மாலையைப் பதிந்தது. கடைத்தெருவில் இருந்த ஒரு சிசிடிவியின் பதிவு ஜூன் இறுதியில் வெளியாகி நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடியது. கடை வாசலில் தகராறு நடந்தது, இருவரும் தரையில் உருண்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னதற்கும் அந்தக் காட்சிக்கும் பொருத்தமில்லை. இரண்டும் ஒரே வகை எந்திரம், ஒரே சந்தையில் கிடைப்பது. ஒன்று பேசியது, மற்றது பேசவில்லை. கடைத்தெருப் பதிவை அழிக்க வேண்டிய தேவை அதன் சொந்தக்காரருக்கு இல்லை என்பதே வித்தியாசம். தொழில்நுட்பம் முன்னேற எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பிறகு சான்றுகளைக் காக்க உயர் நீதிமன்றம் செய்தது வரலாற்றில் குறிக்கத்தக்கது: சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. 1859இல் எந்தத் துறையின் பிடியிலிருந்து காவல் பிரிக்கப்பட்டதோ, அந்தத் துறையைக் கூப்பிட்டுக் காவல் நிலையத்துக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. அப்போதும் தேவை ஒன்றுதான். விசாரிக்கப்படுபவர் கையில் பதிவேடு இருக்கக் கூடாது.

2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் கணினிப் பெட்டி வாங்குபவர் ஒவ்வொருவரும் படிக்கலாம். நுழைவாயில், லாக்கப், நடைவழி, வராந்தா, ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்பக்கம் என்று கேமரா எங்கெங்கே வேண்டும் என்பதை அது வரிசைப்படுத்தியது. இருட்டிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், மின்சாரம் இல்லாத ஊரில் சூரிய சக்தியோ காற்றாலையோ கொண்டு ஓட்ட வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் கருவிக்கு அவ்வளவு திறன் இல்லையென்றால் கிடைப்பதில் மிகுந்த கொள்ளளவு உள்ளதை வாங்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. நீதிமன்றம் இங்கே ஹார்ட் டிஸ்க்கின் அளவைத் தனிமனித உரிமையின் அளவாக எடுத்துக்கொண்டது. முன்பு போட்ட கணக்கையே பதினாறு கேமராவுக்கு நீட்டினால், 18 மாதத்துக்கு ஏறத்தாழ 189 டெராபைட். புதிய எச்.265 முறையில் இதைப் பாதியாக்கலாம். அப்போதும் எட்டு டெராபைட் டிஸ்க் பன்னிரண்டு வேண்டும், பழுதுக்கு ஈடாக இன்னும் இரண்டு. ஒரு டிஸ்க், இரண்டு டிஸ்க் பொருத்தும் கடைப் பெட்டி இங்கே உதவாது. தீர்ப்பு கேட்பது ஒரு சர்வரை. ஆனால் அந்தத் தீர்ப்பே ஓர் இடத்தில் பழைய பாடத்தைத் தவறவிட்டது என்று நினைக்கிறேன். கருவி ஓடுவது, பராமரிப்பு, பதிவு எல்லாவற்றுக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு என்றது. பழுதானால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு அவரே தெரிவிக்க வேண்டும். மாவட்டக் குழு பதிவுகளைப் பார்வையிட வேண்டும் என்றும் சொன்னது உண்மை. அது பார்க்க வருவதற்குள் பெட்டியில் இருப்பது என்ன என்பதோ நிலையத்தின் கையில்.

அப்படியானால் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் கட்டுபவர் இதற்குப் பாதிப் பதிலை அறிந்திருப்பார். மேசைக் கணினிக்குச் செய்த டிஸ்க்கை இரவும் பகலும் எழுதவிட்டால் சீக்கிரம் போய்விடும். ஓயாத எழுத்துக்கென்றே செய்த டிஸ்க்குகள் தனியாக வருகின்றன, அவற்றில் ஒன்று 2014இல் வந்த டபிள்யூடி பர்ப்பிள். டிஸ்க் ஒன்று செத்தாலும் பதிவு சாகாதபடி ரெய்டு முறையில் கோக்க வேண்டும். யுபிஎஸ் வேண்டும். ஆடி மாதக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் பறக்கும் வட்டாரத்தில், விசிறி வைத்த பெட்டிக்குத் தூசி வடிகட்டியும், அதைக் கழுவ ஓர் ஆளும் வேண்டும். கடிகாரம் சரியாக ஓட வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்த பெட்டி, ஒரு மின்தடைக்குப் பின் எந்தத் தேதியையும் போடும்; தேதி தவறிய பதிவு நீதிமன்றத்தில் அரைச் சான்று. இவை எல்லாம் பழுதிலிருந்து காப்பவை. ஆளிடமிருந்து காப்பதற்கு இன்னொன்று வேண்டும். அழிக்கும் நாளைக் குறிக்கும் பாஸ்வேர்டு நிலையத்துக்கு வெளியே, மாவட்ட நீதிமன்றத்திடம் இருக்க வேண்டும். பெட்டி பூட்டி முத்திரை வைத்த அலமாரியில் இருக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை அந்த மணி நேரப் பதிவின் ஹாஷ் எண்ணை, எஸ்ஹெச்ஏ-256 முறையில் கணக்கிட்டு, பெட்டி தானாகவே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு பெரிய பதிவானாலும் அந்த எண் 64 எழுத்துதான். ஒரு எஸ்எம்எஸ்ஸில் அடங்கும். பதிவில் ஒரு நொடியை மாற்றினாலும் எண் பொருந்தாது, எண் வராத மணி நேரம் உடனே கண்ணில் படும். காகிதக் காலத்து நகல் செய்த வேலையை இந்த 64 எழுத்து செய்யும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. வழக்கு வந்த பிறகு கணக்கிடும் எண், பெட்டியிலிருந்து எடுத்த பதிவு நீதிமன்றத்துக்கு வரும் வழியில் மாறவில்லை என்று மட்டும் காட்டும். பதிவான மணியிலேயே வெளியே போன எண் அதற்கு முன்பும் மாறவில்லை என்று காட்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் சில கனமானவை. எந்திரம் இல்லாமலே உண்மை வெளிவரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. அந்த இரவு நிலையத்தில் பணியிலிருந்த தலைமைக் காவலர் ஒருவர், தன் துறைக்கு எதிராகவே நடுவரிடம் சாட்சி சொன்னார். அவருடைய துணிவுக்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவர் தன் வேலையையும் பாதுகாப்பையும் பணயம் வைத்தால்தான் உண்மை வெளிவரும் என்றால், அந்த ஏற்பாட்டை நாம் நம்பியிருக்க முடியாது. கேமரா இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் அடிப்பார்களே என்பது அடுத்தது. அடிக்கலாம். அப்போது வெளியே கொண்டுபோன நேரமும் திரும்பக் கொண்டுவந்த நேரமும் வாசல் கேமராவில் இருக்கும், இடைப்பட்ட நேரத்துக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். புகார் தர வரும் பெண்கள், ரகசியத் தகவல் தருபவர்கள் ஆகியோரின் முகங்கள் வெளியே போகக் கூடாது என்பது இவை எல்லாவற்றிலும் நியாயமானது. பதிவு முழுவதையும் ஒரே மத்திய சேமிப்பில் குவிப்பதை நான் ஏற்காததற்கு அதுவே காரணம். ஹாஷ் எண்ணில் முகம் இல்லை. பதிவு ஊரிலேயே இருக்கும், அதன் கைரேகை மட்டும் வெளியே போகும்.

நெட்டில் இணைத்தால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள் என்பதும் வெறும் பயம் இல்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் உலகெங்கும் பிடித்துப் படையாகத் திரட்டி, அக்டோபர் 21 அன்று பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. நிலையத்துப் பெட்டி வெளியிலிருந்து எந்த இணைப்பையும் ஏற்கக் கூடாது. தானாக ஒரே முகவரிக்கு 64 எழுத்தை அனுப்புவதைத் தவிர அதற்கு வெளியுலக வேலை இல்லை. இடையில் நிற்கும் ரவுட்டரில் இந்த விதியை எழுதுவது கடினமான காரியமும் அல்ல. இணையத்தையே அரசு நிறுத்திவிட்டால்? இந்த மாவட்டத்துக்கு அந்த அனுபவம் உண்டு. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சில நாள் இணையம் முடக்கப்பட்டது. பதிவு மிகவும் தேவைப்படும் நாளில்தான் இணைப்பு அறுபடும் என்று வைத்துத்தான் பெட்டியைத் திட்டமிட வேண்டும். எண்களைச் சேர்த்துவைத்து இணைப்பு வந்ததும் அனுப்புவது ஒரு வழி. மணிக்கொரு எண்ணைச் சின்னப் பிரிண்டரில் சீட்டாக அடித்து, அன்றாட நீதிமன்றத் தபாலோடு அனுப்புவது இன்னும் உறுதியான வழி. செலவு அதிகம் என்ற மறுப்புக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது: 18 மாதத்துக்கான டிஸ்க்கை எப்படியும் வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் ஹாஷ் எண் அனுப்ப ஆகும் செலவு மிகச் சிறியது.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. ராஜஸ்தானில் சில மாதங்களுக்குள் காவலில் பதினொரு பேர் இறந்தார்கள் என்ற நாளிதழ்ச் செய்தியும், நிலையங்களில் சிசிடிவி வேலை செய்யாமல் கிடப்பதும் அதற்குக் காரணம். 2020 தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டு ஆகப்போகும் நேரம் அது. இன்னொரு தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் ஊர்க் காவல் நிலையத்தைப் பற்றி யாரும் கேட்கலாம்: பெட்டியில் எத்தனை டெராபைட், எத்தனை நாள் பதிவு இருக்கும்படி செட்டிங் வைத்திருக்கிறார்கள், அதை மாற்றும் பாஸ்வேர்டு எந்தப் பதவியில் இருப்பவரிடம் உள்ளது. இதில் எந்த வழக்கின் ரகசியமும் இல்லை, எவருடைய முகமும் இல்லை. கேளுங்கள். பதில் வந்தால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.